கடல் அடங்குகிற மாதம்

தீவுக்கு எப்போது போகலாம் என்று யார் போன் செய்து கேட்டாலும் அவள் உடனே பதில் சொல்லிவிட மாட்டாள். "மொதல்ல சொல்லுங்க, யார் யார் போறீங்க?" என்பாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு மழைக்காலத்துக்கு அனுப்பிவிடுவாள். அறையை விட்டு வெளியே வந்தால்தானே மழை பெய்வது தெரியப்போகிறது? ஆபீஸ் கூட்டாளிகள் கும்பலாகப் போவதென்றால் கோடை. வெயிலும், கரைக்கு வந்து உடம்பில் பட்டால் அரிக்கிற சொறிமீனும் அவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் இப்படிப் போகமுடியும் என்று குரலிலேயே தெரிந்துவிடுகிறவர்கள், இவர்களுக்கென்று அவள் சில மாதங்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். மழை ஓய்ந்து, காற்று திரும்பி, கடல் அடங்குகிற மாதங்கள். அப்போது படகு காலையும் மாலையும் தவறாமல் போகும். இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால் விரல் தெரியும்.

இத்தனையும் காது குளிரச் சொல்கிறவள் தீவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அந்த டிராவல்ஸ் ஆபீசில் மூன்று கவுண்டர்கள். விமான டிக்கெட்டுக்கு ஒன்று, விசாவுக்கு ஒன்று, ஏசி தண்ணீர் சொட்டுகிற மூலையில் தீவுக்கு ஒன்று. சொட்டுகிற இடத்தில் ஒரு வாளி இருக்கும். மதியம் அதைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் அவள் வேலைதான். பின்சுவரில் தீவின் பெரிய படம். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் அடித்து அடித்து, படத்தில் இருந்த நீலக்கடல் சுண்ணாம்புத் தண்ணீர் போல வெளுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தை மட்டும் முடித்திருந்த அவளை, குரல் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போன் எடுக்க வைத்தார்கள். தீவிலிருந்து திரும்புகிறவர்களிடம் விசாரித்து விசாரித்து அவள் அந்த இடத்தை மனப்பாடம் செய்துகொண்டாள். விசா கவுண்டரில் இருக்கும் பையன், வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டான்: தீவக்கா. அதற்குப் பிறகு அவளுடைய சொந்தப் பெயர் ஆபீசில் யாருக்கும் தேவைப்படவில்லை.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களுக்கெல்லாம் நடுவில் ஒரு இருட்டுப் பொந்து உண்டு. அவர் வாழ்க்கையில் பாதி அந்தப் பொந்துக்குள் கழிந்தது. நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, கிரீஸ் மணக்கும் கம்பிகளுக்கு இடையே தொங்கியபடி வேலை பார்ப்பார். மேலே இருட்டு, கீழே இருட்டு, கை நீட்டினால் நாலு பக்கமும் சுவர். மகள் நடக்கப் பழகிய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவர் திடீரென்று சொன்னார்.

"சுத்தியும் செவுத்தையே பாத்து அலுத்துப்போச்சு. சுத்தியும் தண்ணியா இருக்கிற எடத்துல ஒருநாள் நின்னு பாக்கணும். உன் தீவுக்குப் போலாமா?"

"போலாங்க. நல்ல சீசனா பாத்து நானே சொல்றேன்."

அந்தப் பேச்சு வருஷம் தவறாமல் நடந்தது. மழைக்காலம் வந்தால் அவர் ஆரம்பிப்பார். அப்போது அவளுக்கும் ஆபீசில் ஈ ஓட்டுகிற வேலைதான், லீவு கிடைக்கும். ஆனால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"வேணாங்க. காத்து அடிச்சா படகு நின்னுடும். அறைக்குள்ளேயே உக்காந்து ஜன்னலை முறைச்சுக்கிட்டு இருக்கணும்."

"அப்ப நேத்து போன்ல அந்த ஆளுகிட்ட என்ன சொன்ன? பச்சை சீசன், கூட்டம் இருக்காது, அமைதியா இருக்கும்னு..."

"அது முதலாளி சொல்லச் சொன்னது. மழைங்கிற வார்த்தையே கவுண்டர்ல வரக்கூடாது."

"ஊருக்கெல்லாம் மழையை விக்கிறவ, எனக்கு ஒரு சொட்டு தரமாட்டேங்கிறியே!"

"அவங்க கஸ்டமர். நீங்க கஸ்டமரா?"

இந்தப் பதில் வந்ததும் அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்துவிடுவார். தனக்கு ஆகச் சிறந்ததைத் தவிர வேறெதையும் கொடுக்க மனசு வராத ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

கடல் அடங்குகிற மாதம் வந்தாலோ ஆபீசில் தலை சொறிய நேரமிருக்காது, ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. போன் வைத்த கை சூடு ஆறுவதற்குள் மறுபடி அடிக்கும். அவர் ஆசையைச் சொன்ன அந்த முதல் சீசனில் அவள் லீவு கேட்டாள். அப்போது இருந்த மேனேஜர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, பந்தி நடக்கிறப்ப சமையல்காரன் லீவு கேட்ட மாதிரி இருக்கே!" சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அதோடு சரி. அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போனார், முதலாளி இறந்து அவர் மகன் முதலாளியானார், வாளிகூட இரண்டுமுறை மாறியது. அவள் திரும்பக் கேட்கவே இல்லை.

தீவுக்கு நல்ல மாதத்தில் தீவக்காவுக்கு லீவு இல்லை. தீவக்காவுக்கு லீவு கிடைக்கும் மாதத்தில் தீவு நன்றாக இல்லை. இந்தச் சிக்கலுக்குள்ளேயே மகள் வளர்ந்தாள், பள்ளி முடித்தாள், இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினாள், வேறு ஊரில் வேலைக்குப் போனாள். போனில் அவ்வப்போது கேட்பாள்: "இன்னுமா போகல? ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?"

"அடுத்த சீசன்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். அது வீட்டில் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

ஒரு மழைக்காலத்தில், லிப்ட் நின்றுபோன கட்டடம் ஒன்றில் படியேறிப் போனவர், பாதியில் கருவிப் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். எழ முடியவில்லை. அங்கே குடியிருந்தவர்கள்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இருதயம் பாதி வேலைதான் செய்கிறது என்று டாக்டர் சொன்னார். மகள் வயதிருக்கும் அந்த டாக்டருக்கு.

"மோட்டார் வீக்கு. கேபிளாவது ஒழுங்கா இருக்கா டாக்டர்?" என்றார் இவர்.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்: "எங்கயாவது போகணும், யாரையாவது பாக்கணும்னு இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்க. இப்ப உடம்பு தாங்கும். தள்ளிப்போடாதீங்க."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அவர் ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டல்ல? டாக்டரே சொல்லியாச்சு. இந்த வாரமே போலாம்."

"வெளிய பாருங்க, எப்படி ஊத்துதுன்னு."

"ஊத்தட்டுமே! நான் என்ன உப்புமூட்டையா, கரைஞ்சு போறதுக்கு?"

"கொஞ்ச நாள் பொறுங்க. மழை விட்டுடும், கடல் அடங்கிடும். இந்தத் தடவை வேலையே போனாலும் சரி, லீவு வாங்கிட்டு வந்து நிக்கிறேன்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "மழையிலயே போலாமே" என்றார் மறுபடியும், கொஞ்சம் மெதுவாக. அவள் தலையசைத்து மறுத்தாள்.

பிடிவாதமா அது? அப்படியும் சொல்லலாம். ஆனால் அவள் அன்றைக்கு யோசித்த விதம் வேறு. ஒரே ஒரு தடவை போகிறவர்களுக்கு அடங்கிய கடலைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அப்படிக் கொடுத்துவிட்டு, இவரைக் கலங்கிய கடலுக்கு எப்படிக் கூட்டிப்போவது? அதோடு இன்னொன்றும் உண்டு. இந்த வாரமே கிளம்புவது என்றால், டாக்டர் சொல்லாமல் விட்டதையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். மழை நிற்கட்டும் என்று சொல்கிறவரை, மழை நின்ற பிறகும் அவர் இருப்பார்.

லீவு கேட்கப் போன அன்று அவள் வாசகங்களை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். முடியாது என்றால் இப்படிச் சொல்ல வேண்டும், சத்தம் போட்டால் அப்படிச் சொல்ல வேண்டும். முதலாளி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எத்தன நாள்க்கா வேணும்? ஒரு வாரம் போதுமா?"

"சீசன் நேரத்துல கேக்கிறேன் தம்பி..."

"அதனால என்ன? விசாப் பையன் பாத்துக்குவான். கத்துக்கட்டும் அவனும்." பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கேட்டதே இல்லையேக்கா. உங்களுக்கு ஊர் சுத்துறதெல்லாம் பிடிக்காதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

அவள் நன்றி சொல்லிவிட்டு நேராக ஆபீஸ் பாத்ரூமுக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதோ யாரோ சிரித்த ஒரு சிரிப்பு. அதை ஏன் இத்தனை காலம் உத்தரவாகத் தலையில் வைத்துக்கொண்டிருந்தோம்? பயமா? கேட்டு இல்லையென்றால் மானம் போய்விடும் என்ற வீம்பா? இல்லை, தானில்லாவிட்டால் சீசனே நின்றுவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமா? எந்தப் பதிலும் முழுசாகப் பொருந்தவில்லை. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொருந்தியது.

"குடுத்துட்டாங்களா? பெரிய சண்டையா?" என்று அவர் வீட்டில் ஆவலாகக் கேட்டார்.

"ஆமா. நல்லாக் கேட்டுட்டேன்."

"அப்படிப் போடு!" என்று அவர் தொடையில் தட்டிச் சந்தோஷப்பட்டார். ஒரு வார்த்தை கேட்டதும் கிடைத்துவிட்டது என்பதை அவள் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

மழை குறைந்தது. காற்று திரும்பியது. படகில் ஆட்டம் குறைவாக இருக்கிற நடு வரிசை, படி ஏறத் தேவையில்லாத கீழ்த்தள அறை, மருத்துவமனை எண் எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்தாள். அவர் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டார். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு அந்தச் செருப்புக்குள் கால் நுழையவில்லை. வீங்கிப்போயிருந்தது. மறுநாள் படுத்தால் மூச்சு வாங்கியது. மறுபடி ஆஸ்பத்திரி. வீட்டுக்குத் திரும்பும்போது கூடவே ஆக்சிஜன் மெஷின் ஒன்றும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அது ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"படகுல ஒரு மணி நேரம் போகணும் டாக்டர், அவ்வளவுதான்" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"அந்த ஒரு மணி நேரத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா என்னம்மா பண்ணுவீங்க?" என்றார் டாக்டர்.

மகள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். டிக்கெட்டை ரத்து செய்ய மகள் போனைக் கையில் எடுத்தபோது, கட்டிலில் சாய்ந்திருந்தவர் தடுத்தார்.

"அம்மா போயிட்டு வரட்டும்."

"என்ன பேச்சு பேசுறீங்க? உங்களை இப்படி விட்டுட்டு நான் போவேனா?"

"காலைப் படகுல போயிட்டு சாயங்காலப் படகுல வந்துடு. பாக்காத எடத்தை இத்தன வருஷம் வித்திருக்க. என்னிக்காவது போலீஸ் புடிக்கும்."

அவள் முடியாது என்றாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே கிடந்தார், சரியாகச் சாப்பிடவும் இல்லை. கடைசியில் மகள்தான் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள்: "உனக்காக அவர் கேக்கலம்மா, தனக்காகத்தான் கேக்கிறார். போய் நின்னு பாத்துட்டு வந்து சொல்லு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

அப்படித்தான் அவள் போனாள்.

தீவில் அவள் சொல்லிவந்த எதுவும் பொய்யாக இருக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மணல் அவள் சொன்ன வெள்ளையில் இருந்தது. தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்றாள். குனிந்தபோது தன் கால் விரல்கள், மெட்டியிட்ட அந்த வயதான விரல்கள், துல்லியமாகத் தெரிந்தன. சுற்றிலும் திருவிழாக் கூட்டம். படமெடுக்க வரிசையில் நின்றார்கள். இவர்களில் பாதிப்பேருக்குத் தானேதான் இந்த மாதத்தைச் சொல்லியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டாள். மகள் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"தண்ணி எங்க? வெறும் தலையாத் தெரியுது!"

"கொஞ்சம் இருங்க, தள்ளிப் போறேன்... இப்ப?"

"ம், தெரியுது. ஆனா ஒரு பக்கம்தான தெரியுது. நாலு பக்கமும் காட்டு."

கரையில் நின்றால் ஒரு பக்கக் கடல்தான் தெரியும். இது இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. கரையோரம் டீ விற்ற பெண்ணிடம் போய்க் கேட்டாள்.

"நாலு பக்கமும் தெரியணும்னா அந்த மேட்டுக்குப் போகணும்மா. படி ஏறணும், பரவால்லயா?"

செங்குத்தான கற்படிகள். அவளுக்கே மூச்சு வாங்கியது. இந்தப் படிகளில் அவர் இப்போது ஏறியிருக்கவே முடியாது. போன மழையில் வந்திருந்தாலும் சந்தேகம்தான். மகள் சின்னவளாக இருந்தபோது என்றால், அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஓடியே ஏறியிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் பாதிப் படியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு மேலே போனார்கள்.

மேட்டில் காற்று பிய்த்தது. போனில் சிக்னல் இல்லை. கையை உயர்த்திப் பார்த்தாள், இடம் மாறி நின்று பார்த்தாள், ஒரு கோடுகூட வரவில்லை. பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி ஒரு சுற்று. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பாரத்தைத் தூக்கிப் பார்க்கிறவளைப் போல ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தாள்.

இறங்கி வந்து டீ வாங்கிக் குடித்தபோது அந்தப் பெண் கேட்டாள்: "பாத்தீங்களா? வெயில் நாள்னா ஒரு பக்கம் அந்தாண்டக் கரை தெரியும். மழையில வந்தீங்கன்னா அதுவும் மறைஞ்சிடும். நாலு பக்கமும் தண்ணிதான், வேற ஒண்ணுமே இருக்காது. ஆனா அப்ப யாரு வர்றா? எங்களுக்குப் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடைக்காது."

மீதி டீயை அப்படியே கீழே வைத்துவிட்டாள். யார் யார் போகிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டிருக்கிறாள். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அவர் மட்டும்தான் கேட்காமலே அதைச் சொல்லியிருந்தார், அதுவும் வருஷா வருஷம். அவள் காதில் விழுந்ததெல்லாம் சீசன்தான்.

திரும்பும் படகில் ஒரு முடிவுக்கு வந்தாள்: மழை விஷயத்தைச் சொல்லக் கூடாது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். முதுகுக்குத் தலையணை அடுக்கி அவரை உட்காரவைத்திருந்தாள் மகள். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் முகம் கழுவிவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அருமையா இருந்துச்சுங்க. வெள்ளை மணல், கண்ணாடி மாதிரி..."

"போன்ல பேசுற குரல் வேணாம்" என்றார் அவர். "வீட்டுக் குரல்ல சொல்லு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். படகில் டீசல் நாற்றம் குமட்டியதைச் சொன்னாள். ஒரு குழந்தை அவள் மடியில் வாந்தி எடுத்ததைச் சொன்னாள். கூட்டத்தை, படிகளை, மேட்டுக் காற்றைச் சொன்னாள். அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேல நின்னியா? சுத்தித் தண்ணியா?"

"ஆமாங்க. ஒரு பக்கம் தண்ணி பளபளன்னு இருந்துச்சு, பாக்கவே முடியல. ஒரு பக்கம் கருப்பு. காத்து வர்ற பக்கம் சுருக்கம் சுருக்கமா, இஸ்திரி போடாத துணி மாதிரி. இன்னொரு பக்கம்..." அவளுக்கு அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. "இன்னொரு பக்கம் நம்ம கரை. மெல்லிசா, கோடு போட்ட மாதிரி."

அவர் கண்ணைத் திறந்தார். "அப்ப மூணு பக்கம்தான் தண்ணி."

"மூணு பக்கந்தான்."

கொஞ்ச நேரம் அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். கோளாறு எங்கே என்று யோசிக்கும்போது அவருக்கு வரும் பார்வை அது. பிறகு கேட்டார்:

"மழை பெஞ்சா அந்தக் கோடு மறைஞ்சிடும்ல?"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறைஞ்சிடுமாம்" என்றாள். "அங்க டீ விக்கிறவங்க சொன்னாங்க."

அவர் அவளைத் திட்டவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. குழாய் செருகிய மூக்கைச் சொறிந்துகொண்டு, ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போவதைப்போலச் சொன்னார்:

"அப்ப வர்ற மழைக்குப் போயிடுவோம்."

வர்ற மழைக்கு இன்னும் ஒரு கோடை முழுசாகக் கடக்க வேண்டும். அது அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். மகள் எழுந்து சமையலறைப் பக்கம் போனாள்.

"சரிங்க" என்றாள் அவள்.

"படகுல ஓரத்து எடம் எனக்கு."

"ஓரத்துல உக்காந்தா நனைஞ்சிடுவீங்க."

"நனையட்டும்."

"சரி. ஓரமாவே போட்டுடறேன்."

"காத்து அடிச்சு படகு நின்னுட்டா?"

"நின்னா அங்கயே இருந்துக்குவோம். அறையில பெரிய ஜன்னல். உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"ம்" என்றார் அவர். "இன்னும் சொல்லு."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மழையில் தீவு எப்படி இருக்கும் என்று, அவள் பார்க்காத அந்த மழையை, வீட்டுக் குரலிலேயே சொல்ல ஆரம்பித்தாள்.